மூன்று தரம் பாஸ்வேர்ட் மாற்றியும் ஆள் போகவில்லையா? வீட்டு ரவுட்டருக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலி, கொண்டாவில் பக்கம் வீடு வீடாகப் போய்க் கணினியும் இணைய இணைப்பும் திருத்துவது என் வேலை. "பிள்ளை, ஆரோ எங்கட வைஃபைக்குள்ள பூந்திட்டினம்" என்று கிழமைக்கு ஒரு அழைப்பாவது வரும். போய்ப் பார்த்தால் சில வீடுகளில் உண்மையாகவே ஆள் இருக்கும். சில வீடுகளில் புதிதாக வாங்கிய ரீவிதான் டேற்றாவை விழுங்கிக்கொண்டு இருக்கும். எது என்று கண்டுபிடிக்காமல் பாஸ்வேர்டை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றுவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் பனடோல் போடுவது மாதிரி. ஆகவே உங்கள் வீட்டில் என்ன அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். அதற்கு முதல் ஒரு விடயத்தை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

ரவுட்டருக்குப் பாஸ்வேர்ட் ஒன்று அல்ல, இரண்டு. முதலாவது வைஃபையில் சேர்வதற்கு. அது படலைப் பூட்டு. இரண்டாவது ரவுட்டரின் உள்ளே போய் அமைப்புகளை மாற்றுவதற்கு. அது வீட்டுக் கதவு. எங்கள் பக்கம் படலைக்குப் பூட்டுப் போட்டவர்கள் நிறையப் பேர். கதவுத் திறப்போ, ரவுட்டரின் அடியில் ஒட்டின ஸ்ரிக்கரிலேயே கிடக்கிறது. வீட்டுக்கு வந்த யாரும் ரவுட்டரைத் திருப்பி ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம். பல மாதிரிகளில் அந்த இரண்டாவது பாஸ்வேர்டைப் பார்க்க ஸ்ரிக்கர்கூடத் தேவையில்லை. பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று உலகத்துக்கே தெரியும். உள்ளே போனவர் அங்கே உங்கள் புது வைஃபை பாஸ்வேர்டை எழுத்துக்கு எழுத்து வாசிக்கலாம். நீங்கள் மூன்று தரம் மாற்றினால் அவர் மூன்று தரம் வாசிப்பார்.

உள்ளே போகும் வழி இதுதான்: ரவுட்டரின் அடியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஓர் இலக்கம் இருக்கும். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்கள் சிலவற்றில் 192.168.8.1. அதை பிரவுசரின் மேலே இருக்கும் முகவரிக் கட்டத்தில் அப்படியே தட்டுங்கள். கூகிள் தேடல் பெட்டிக்குள் தட்டினால் வேறு யாருடையதோ பக்கங்கள்தான் வரும். லப்டொப்பும் லான் கேபிளும் இருந்தால் கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றும் கணத்தில் போன் கழன்றுவிடும், கேபிள் கழராது.

மாதம் முடிய முன்னமே டேற்றா முடிகிறது

முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். கணக்கு ஒன்று சொல்கிறேன். தெளிவான எச்டி படம் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். 4கே ரீவியில் அதே ஒரு மணித்தியாலம் 7 ஜிபி வரை இழுக்கும். ஸ்மார்ட் ரீவி வாங்கின மாதமே டேற்றா முடிந்தால் ஒழுங்கையில் நிற்கிற பெடியனைச் சந்தேகிக்க முன் ரீவியின் பட அளவைக் குறைத்துப் பாருங்கள். அடுத்தது கமரா. ஒரு கமரா வினாடிக்கு 1 மெகாபிற் வீதம் படம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணித்தியாலமும் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. கனடாவில் இருக்கும் மாமா முற்றத்தைப் பார்க்கத் திறந்துவிட்டு, மூடாமல் போனை வைத்துவிட்டுப் போனாரென்றால் அந்தச் செலவு உங்கள் பக்கேஜில்தான். லப்டொப்பின் விண்டோஸ் அப்டேற்றும், போன்களின் படங்கள் தானாக மேலே ஏறுவதும் இதே கணக்கில் சேரும்.

இவை எல்லாம் இல்லை என்றால் எண்ணத் தொடங்குங்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் 'இணைந்த கருவிகள்' என்ற பொருளில் ஒரு பட்டியல் இருக்கும். வீட்டில் குறைந்த ஆள் இருக்கும் நேரம் பார்த்து அதைத் திறவுங்கள்.

திருநெல்வேலியில் ஓர் அம்மாவின் வீடு. மேல்மாடியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் போனது காலை பத்து மணிக்கு. பிள்ளைகள் விரிவுரைக்குப் போய்விட்டார்கள், போன்களும் அவர்களோடு போய்விட்டன. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பட்டியலைத் திறந்தால் பதினொரு கருவி. அம்மாவின் போன் ஒன்று, என்னுடைய லப்டொப் ஒன்று, ரீவி, கமரா இரண்டு. மிச்சம் ஆறு. விறாந்தைக்கு வந்து எட்டிப் பார்த்தேன். மதிலோடு சாய்த்து நிறுத்தின மோட்டார் சைக்கிளில் இரண்டு பெடியள் இருந்து போன் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்கள். போன வருடம் அந்த வீட்டு மேல்மாடியில் இருந்த சிநேகிதன் ஒருவன் கொடுத்த பாஸ்வேர்ட். அவன் படிப்பு முடித்துப் போய்விட்டான், பாஸ்வேர்ட் பட்ச் பட்சாகக் கைமாறிக்கொண்டு இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளைக் களவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவின் நிலையை யோசியுங்கள். இணைப்பு அவருடைய பெயரில். அந்த இணைப்பில் இருந்து யாரோ ஒருவர் ஒரு பெண்பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டினால், தடம் பிடித்து வருகிறவர்கள் முதலில் தட்டுவது அம்மாவின் படலையைத்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினி அமைப்புக்குள் போவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்தான். ஆனால் 'நான் இல்லை' என்று விளங்கப்படுத்தும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கைமாறுவது எவ்வளவு சுலபம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்ட்ரொயிட் 10 தொடக்கம், ஒரு தரம் சேர்ந்த போன் அந்த வைஃபையை கியூஆர் படமாகக் காட்டும். பக்கத்தில் நிற்பவர் கமராவை நீட்டினால் போதும். ஐபோனில் ஐஓஎஸ் 16 தொடக்கம் பாஸ்வேர்டே எழுத்தில் தெரியும். ஆகவே நீங்கள் ஒருவருக்குக் கொடுத்தது ஒருவரோடு நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

வாடகைப் பிள்ளைகள், டியூசனுக்கு வருகிறவர்கள், நல்லூர்க் கொடியேறினால் வெளிநாட்டில் இருந்து வந்து 25 நாளும் தங்குகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் ரவுட்டரில் உள்ள விருந்தினர் வலையைத் திறந்து கொடுங்கள். அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்ட். அதில் சேர்ந்தவருக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கமராவும் லப்டொப்பும் கண்ணில் படாது. திருவிழா முடிந்து அவர்கள் விமானம் ஏறின அன்று அதை மட்டும் நிற்பாட்டிவிடலாம். அக்கா வீடும் தங்கச்சி வீடும் ஒரே வளவுக்குள் இருந்து இணைப்பைப் பங்கு போடுகிறவர்களும் இப்படியே செய்யலாம். பங்கு கொடுப்பது பிழையில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று இருக்கிறது

பயப்பட முன் ஒவ்வொன்றாக நிற்பாட்டிப் பாருங்கள். ஒருவர் ரவுட்டர் பட்டியலுக்கு முன்னால் இருக்க, மற்றவர் ரீவியின் பிளக்கைக் கழற்றட்டும், பிறகு கமரா, பிறகு ஒவ்வொரு போனின் வைஃபை. ஒவ்வொன்றுக்கும் பிறகு பட்டியலைப் புதுப்பித்து, எந்த வரி மறைந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். சில ரவுட்டர்கள் போன கருவியைச் சில நிமிடங்கள் பட்டியலில் வைத்திருக்கும், பொறுங்கள். எல்லாவற்றையும் நிற்பாட்டிய பிறகும் உயிரோடு நிற்கிற வரிதான் உங்களுடையது அல்லாதது.

பெயர் இல்லாமல் பன்னிரண்டு எழுத்து இலக்கம் மட்டும் தெரிந்தால் அது மாக் முகவரி, வலையில் சேரும் கருவியின் அடையாள இலக்கம். முதல் ஆறையும் இணையத்தில் தேடினால் அதைச் செய்த நிறுவனம் தெரியும். 'எஸ்பிரசிஃப்' என்று வந்தால் பெரும்பாலும் வைஃபையில் எரிகிற பல்ப் அல்லது ஸ்மார்ட் பிளக். அந்தக் கம்பனியின் சிப் அப்படியான சாமான்களுக்குள் நிறைய இருக்கிறது. ஆனால் போன்களில் இந்த வழி இப்போது முழுதாகச் சரிவராது. அன்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. அது அந்தரங்கத்துக்காகச் செய்த ஏற்பாடு, கெட்டதில்லை. அடையாளம் இது: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஆங்கில ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படி உருவாக்கிய முகவரி. நீங்கள் வீட்டுப் போன் ஒன்றின் வைஃபையை அழித்துத் திரும்பச் சேர்த்திருந்தால், ஒரே போன் இரண்டு பெயரில் நிற்கவும் கூடும்.

அந்த முகவரியைத் தடைப் பட்டியலில் போட்டால் சரியா என்று கேட்பார்கள். கொஞ்ச நேரத்துக்குச் சரி. முகவரியை மாற்றத் தெரிந்தவரை அது நிறுத்தாது, மாற்றத் தெரியாதவரின் போன்கூடச் சிலவேளை தானாக மாற்றிவிடும். வைஃபையின் பெயரை மறைப்பதும் அப்படித்தான். காற்றில் போகிற அலையைப் பார்க்கிற செயலிக்கு அந்தப் பெயர் தெரியும். உங்கள் நேரத்தை இந்த இரண்டிலும் செலவழிக்க வேண்டாம்.

பாஸ்வேர்ட் மாற்றி இரண்டு நாளில் திரும்பவும் ஆள்

இதுதான் மனிதரைக் களைக்கப் பண்ணுகிற அறிகுறி. கொண்டாவிலில் ஓர் ஐயா. ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். சீஆர் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மூன்று பாஸ்வேர்ட், ஒவ்வொன்றுக்கும் திகதி, பழையதை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வெட்டியிருந்தார். "மாத்தினனான் பிள்ளை, மூண்டு தரம் மாத்திப்போட்டன். திரும்ப வந்து நிக்கிறான்."

"ஐயா, உங்கட போனில வைஃபைப் பட்டியலை ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன். அவருடைய வைஃபை பெயர் ஒரு வரியில். அதற்குக் கீழே அதே பெயர், கடைசியில் 5ஜி என்ற ஒட்டோடு. ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது, 2.4 கிகாஹேர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹேர்ட்ஸ் மற்றது. அந்த மாதிரியில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனிப் பாஸ்வேர்ட். ஐயா மூன்று தரமும் மாற்றியது முதலாவதை. இரண்டாவது, இணைப்புப் பூட்டின நாளில் இருந்து ஸ்ரிக்கரில் இருந்தபடியே இருந்தது. அவர் வெட்டின கோடுகளைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் மேல் பிழையில்லை. பூட்டிக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் வேலை: பழைய பாஸ்வேர்ட் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று தேடுவது. 5 கிகாஹேர்ட்ஸ் பக்கம். எப்போதோ திறந்துவிட்டு மறந்த விருந்தினர் வலை. பின்னறைக்கு அலை எட்டவில்லை என்று வாங்கிப் பூட்டின ரிப்பீற்றர். அது கேபிளால் இணைந்திருந்தால் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் தன் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டோடு ஆளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, டபிள்யூபிஎஸ். ரவுட்டரின் பின்னால் இந்தப் பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்வேர்ட் தட்டாமல் பிரிண்டரையும் ரீவியையும் சேர்ப்பதற்காக வந்த வசதி. இதற்கு எட்டு இலக்கப் பின் நம்பர் வழியும் உண்டு, ஓட்டை அங்கேதான். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சேர்க்கை என்று நினைப்போம். ரவுட்டர் அந்த நம்பரை இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது: முதல் நாலு சரியா என்று தனியாகச் சொல்லிவிடும், அடுத்த நாலில் கடைசி இலக்கம் மற்றவற்றில் இருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 10,000 முயற்சியும் 1,000 முயற்சியும், மொத்தம் 11,000. 2011 டிசம்பரில் இது பகிரங்கமானது. பல ரவுட்டர்களில் சில மணித்தியாலம் பொறுமையாக இருந்தால் போதும், வைஃபை பாஸ்வேர்டே கையில் வந்துவிடும். நீங்கள் எவ்வளவு நீளமான பாஸ்வேர்ட் போட்டாலும் இந்த வழிக்கு அது கணக்கே இல்லை. வைஃபை அமைப்புகளுக்குள் போய் டபிள்யூபிஎஸ்ஸை முழுதாக நிற்பாட்டிவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் புதுப் பாஸ்வேர்ட் எது? எங்கள் ஊரில் நான் அதிகம் காண்பது கைத்தொலைபேசி நம்பர். இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். ஒருவர் உங்கள் ஒழுங்கையில் நின்று, உங்கள் போன் வைஃபையில் சேரும்போது நடக்கிற சிறு கைகுலுக்கலை லப்டொப்பில் பிடித்துக்கொண்டு போகலாம். பிறகு தன் வீட்டில் ஆறுதலாக இருந்து, பாஸ்வேர்ட் இதுவா இதுவா என்று கணினியை விட்டுக் கேட்கலாம். ரவுட்டர் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை, எத்தனை தரம் பிழைத்தாலும் தடுக்க ஆளில்லை. இலங்கைக் கைத்தொலைபேசி நம்பர்கள் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்ற எட்டுத் தொடக்கத்தில் ஒன்று. அதற்குப் பிறகு ஏழு இலக்கம். மொத்தம் 8 கோடி. கேம் விளையாடுகிற நல்ல கிராஃபிக்ஸ் காட் உள்ள கணினிக்கு இது சில நிமிட வேலை. பத்து இலக்கம் இருக்கிறதே என்று நம்பியிருக்கிறோம், எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அடையாள அட்டை நம்பரும் அப்படித்தான், அதில் பிறந்த வருடமும் நாளும் இருக்கிறது.

வைஃபை பாஸ்வேர்ட் 8 எழுத்தில் இருந்து 63 எழுத்து வரை போகலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உதாரணத்துக்கு, அடுப்படியில் இருந்து ஒன்று, தோட்டத்தில் இருந்து ஒன்று, பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து ஒன்று என்று பொறுக்கலாம். பாட்டு வரி, கோயில் பெயர், பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஐந்து சொல்லும் வாயில் நிற்கும், அம்மம்மாவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். எழுதி வைப்பதிலும் பிழையில்லை, ரவுட்டரில் ஒட்டாமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

பாதுகாப்பு வகை என்று ஒரு தெரிவு இருக்கும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். நான் மேலே சொன்ன, பிடித்துக்கொண்டு போய் வீட்டில் இருந்து கண்டுபிடிக்கிற வேலை அதில் நடக்காது. பழைய போன்கள் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2வும் 3ம் கலந்தது, அதுவும் இல்லை என்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். வெப் என்கிற டபிள்யூஇபி மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த ரவுட்டரை மாற்றுங்கள். அது 2001இலேயே உடைந்துவிட்டது.

கடைசியாக ஒழுங்கு. இதைத் தலைகீழாகச் செய்துதான் அநேகர் களைக்கிறார்கள். முதலில் ரவுட்டர் பக்கத்தின் பாஸ்வேர்ட், அதாவது கதவு. பிறகு வெளியில் இருந்து ரவுட்டரை இயக்குகிற வசதி திறந்திருந்தால் அதை மூடுவது. பிறகு டபிள்யூபிஎஸ். பிறகு ரவுட்டரின் மென்பொருள் அப்டேற். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வைஃபை பாஸ்வேர்ட், இரண்டு அலைவரிசைக்கும். அதன்பிறகு ரவுட்டரை ஒருக்கால் நிற்பாட்டித் திரும்பப் போடுங்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக்குள் எஸ்எம்எஸ் பெட்டியும் இருக்கும். ரவுட்டருக்குள் இருக்கும் சிம்மின் நம்பரை எங்காவது கணக்குத் திறக்கக் கொடுத்திருந்தால், அதற்கு வருகிற ஓடிபி குறியீடு அந்தப் பெட்டிக்குத்தான் வரும். கதவு திறந்திருந்தால் வைஃபையில் இருக்கிற யாரும் அதை வாசிக்கலாம்.

ரவுட்டர் பக்கத்தின் பாஸ்வேர்ட் பிழை என்கிறது

நீங்கள் மாற்றவில்லை, ஸ்ரிக்கரில் இருப்பது வேலை செய்யவில்லை என்றால், ஒன்றில் பூட்டினவர்கள் மாற்றியிருக்கிறார்கள் அல்லது வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள். முதலில் இணைப்புத் தந்த நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்.

பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும். பத்து வினாடியளவு அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் கடையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். சிம் போடுகிற ரவுட்டரில் இதைத் துணிந்து செய்யலாம். பைபர் ரவுட்டரில் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அதற்குள் நிறுவனம் போட்ட இணைப்பு விவரங்கள் இருக்கின்றன. அழிந்தால் இணையமும் போய், சில வீடுகளில் தொலைபேசியும் போய், ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் தொடர்பில் இருக்கும்போது செய்யுங்கள். ரீசெற் முடிந்ததும் ஸ்ரிக்கர் பாஸ்வேர்ட் திரும்ப உயிர் பெற்றிருக்கும். அன்றைக்கே மாற்றாமல் விட்டால் செய்த வேலைக்குப் பலனில்லை.

வங்கிப் பக்கம் வேறு மாதிரித் திறக்கிறது, எல்லாக் கருவியிலும் விளம்பரம்

ஒரு போனில் மட்டும் என்றால் அந்தப் போனில் கெட்ட செயலி. வீட்டு வைஃபையில் சேர்ந்த எல்லாவற்றிலும், போனின் மொபைல் டேற்றாவுக்கு மாறினால் இல்லை என்றால் ரவுட்டரில்தான் கோளாறு. இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். செய்து முடிக்கும்வரை வீட்டு வைஃபையில் வங்கி வேலை வேண்டாம்.

தளத்தின் பெயரை நீங்கள் தட்டும்போது அதற்கான இலக்கம் என்ன என்று கருவி ஓரிடத்தில் கேட்கிறது. அந்த இடம் டிஎன்எஸ். எங்கே கேட்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது ரவுட்டர். கதவுக்குள் வந்தவர் அந்த ஒரு வரியை மாற்றினால் நீங்கள் சரியான பெயரைத் தட்டியும் பிழையான வீட்டுக்குப் போவீர்கள். கந்தர்மடத்துக்கு வழி கேட்டவரை வேண்டுமென்றே வேறு சந்தியில் திருப்பிவிடுவது போல. இது நடக்காத கதை இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற கெட்ட மென்பொருள் கணினிகளில் இதைச் செய்தது. கடையில் இருந்து வந்த பாஸ்வேர்டோடு இருந்த ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்து மாற்றியது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆறு பேரைப் பிடித்தார்கள்.

ரவுட்டர் பக்கத்தில் டிஎச்சிபி அல்லது லான் என்ற பகுதியில் டிஎன்எஸ் வரியையும், இணைய இணைப்புப் பகுதியில் அதே வரியையும் பாருங்கள். தானாக எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தால் அல்லது ரவுட்டரின் சொந்த இலக்கமே இருந்தால் சுகம். நீங்கள் போடாத அந்நிய இலக்கம் நின்றால் படம் எடுத்து வைத்துவிட்டு, தானியங்கிக்கு மாற்றுங்கள் அல்லது 1.1.1.1, 8.8.8.8 போன்ற அறிந்த ஒன்றைப் போடுங்கள். உடனே கதவுப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அந்தக் காலத்தில் வங்கிப் பக்கத்தில் எதையாவது தட்டியிருந்தால் வங்கிக்கு அழைத்துச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே ஒரு பழக்கம்: "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று பிரவுசர் எச்சரித்தால், தொடர்க என்று அழுத்த வேண்டாம்.

ரவுட்டர் தானாக நின்று நின்று எழும்புகிறது

இதில் பெரும்பாலும் ஆள் இல்லை. அடப்ரரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடா? சாமி அறைத் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா? மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு தொடங்கியதா? கரண்டைச் சரிபார்த்த பிறகும் தொடர்ந்தால்தான் கெட்ட மென்பொருள் பற்றி யோசிக்க வேண்டும். 2016இல் மிராய் என்ற ஒன்று, மாற்றாத பாஸ்வேர்டுகளின் ஒரு சிறு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது நினைவகத்தில் மட்டும் இருப்பது, நிற்பாட்டிப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் திரும்ப வந்துவிடும். 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்ரர் அப்படி இல்லை, நிற்பாட்டிப் போட்டாலும் ஒரு பகுதி உள்ளே தங்கும். அதற்கு முழு ரீசெற்றும் மென்பொருள் அப்டேற்றும் வேண்டும். உங்கள் ரவுட்டருக்கு வருடக்கணக்காக அப்டேற்றே வரவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டுப் புதியது கேளுங்கள்.

எங்கள் பெயரிலேயே இன்னொரு வைஃபை

ரிப்பீற்றர் இருந்தால் அதுவாக இருக்கலாம். இல்லை என்றால், அதுவும் பூட்டுக் குறி இல்லாமல் திறந்து கிடந்து, சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து "வைஃபை பாஸ்வேர்டைத் தருக" என்று கேட்டால், அது பொறி. எந்த ரவுட்டரும் அப்படி ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டைக் கேட்காது. இப்படியான நேரம் வீட்டுப் போன்கள் எல்லாம் திரும்பத் திரும்பக் கழன்று விழுவதும் நடக்கும், உங்களை அந்தப் பக்கம் தள்ளுவதற்காகவே கழற்றுவார்கள். பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

கமரா தானாகத் திரும்புகிறது, பேசும் சத்தம் கேட்கிறது

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். பிறகுதான் மற்றது.

வெளிநாட்டில் பிள்ளைகள், ஊரில் வயதான தாய் தகப்பன் மட்டும். எங்கள் ஒழுங்கைகளில் இப்படி எத்தனை வீடு. அந்த வீடுகளில் கமரா என்பது பிள்ளைகளின் கண். அது ஆரோ அந்நியனின் கண்ணாக மாறுவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கமராவின் ரெக்கோடர் பெட்டிக்கும் தனிப் பாஸ்வேர்ட் உண்டு, பூட்டினவர் போட்டுவிட்டுப் போனது, அவர் பூட்டின எல்லா வீட்டுக்கும் அதே ஒன்றாக இருக்கக்கூடும். அதை மாற்றுங்கள். ரவுட்டரில் 'போர்ட் ஃபோர்வேர்டிங்' என்ற பகுதியைத் திறவுங்கள். லண்டனில் இருந்து பார்ப்பதற்காகப் பழைய காலத்தில் அங்கே ஒரு வாசல் திறந்து விட்டிருப்பார்கள். அந்த வாசல் மகனுக்கு மட்டும் திறந்ததில்லை, இணையத்தில் இருக்கிற எல்லோருக்கும் திறந்தது. அதை அழியுங்கள். பக்கத்தில் யூபிஎன்பி என்று ஒரு பொத்தான் இருக்கும், கருவிகள் கேட்காமலே தாங்களாக வாசல் திறக்க விடுகிற வசதி அது, அதையும் நிற்பாட்டுங்கள். மகன் பார்ப்பதற்கு, கமராக் கம்பனியின் செயலியில் அவருக்கென்று தனிக் கணக்கும், இரட்டைச் சரிபார்ப்பும் போட்டுக் கொடுங்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்காத விருந்தினர் வலை ஒன்று இருந்தால், கமராக்களை அதில் போடுவது இன்னும் நல்லது.

எல்லாம் முடிந்ததும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அழைத்து, "இப்ப தெரியுதோ?" என்று கேளுங்கள். தெரிகிறது என்றால், பழைய செயலியிலும் பழைய பாஸ்வேர்டிலும் ஒருக்கால் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் படம் வரக்கூடாது.